நாற்பத்திரண்டு மணி நேரம் குறைகிறது

உங்களில் சிலர் இப்போது பயிற்சி நோட்டோடு ஏதோ ஒரு மருந்துக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பீர்கள். சிலருக்குப் பதிவு எண் வந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். இரு சாராருக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். முப்பது வருடத்துக்கு மேல் மருந்தாளுநராக வேலை பார்த்த நான், ஓர் ஆடிக் கிருத்திகை அன்று, ஓர் அம்மாவுக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நன்றாகச் செய்த நாட்களைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவை உங்களுக்கு உதவாது.

நம் தொழிலுக்குள் வரும் வழி உங்களுக்குத் தெரிந்ததே. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல், இரண்டு ஆண்டு டிப்ளமோ, அதன்பின் பதிவு பெற்ற ஒரு மருந்தாளுநரின் கண் முன்னால் ஐநூறு மணி நேரப் பயிற்சி, படிவத்தில் அவருடைய கையெழுத்து, பிறகு மாநில ஃபார்மசி கவுன்சிலில் சான்றிதழ் சரிபார்ப்பு, பதிவு எண். இந்த வரிசையில் எல்லோருக்கும் சுலபமாகத் தோன்றுவது அந்த ஐநூறு மணி நேரம்தான். அதற்குப் பரீட்சை இல்லை, மதிப்பெண் இல்லை. ஒரு கையெழுத்து கிடைத்தால் முடிந்தது. அதனால்தான் அதைக் குறைத்துக்கொள்ள ஆளாளுக்கு வழி தேடுகிறார்கள். பயிற்சிக்கே வராமல் கையெழுத்து வாங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். சான்றிதழைக் கடைச் சுவரில் மாட்டக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் வேறு வேலை பார்ப்பவர்களையும் தெரியும். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். நான் கொடுத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அப்போது நான் திருத்தணியில், மலையடிவாரத்துக்குப் போகும் ஒரு தெருவில் இருந்த சிறிய தனியார் கிளினிக்கின் மருந்துக் கடையில் இருந்தேன். மணவூரில் வீடு. காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போவேன். வேலையிலிருந்து ஓய்வெடுக்க இரண்டு ஆண்டுகள் பாக்கி. கடையின் லைசென்ஸில் பொறுப்பு மருந்தாளுநர் என்று என் பெயர்தான் இருந்தது.

என்னிடம் பயிற்சிக்கு இருந்தவள் கஸ்தூரி. பொதட்டூர்பேட்டைக்காரி, முப்பத்தாறு வயது. வீட்டில் லுங்கி நெய்யும் இரண்டு விசைத்தறிகள். பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணம், இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இவள் டிப்ளமோவில் சேர்ந்துவிட்டாள். வகுப்பில் இவளைவிடப் பதினாறு வயது சின்னவர்களோடு உட்கார்ந்து படித்து, இரண்டு ஆண்டும் தேறியவள். தமிழும் தெலுங்கும் அவளுக்கு ஒன்றுபோல வரும். அதிகம் பேசமாட்டாள். எதையும் இரண்டு தரம் படிப்பாள்.

கிருத்திகைக்கு முந்தின நாள் மாலை அவள் படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"மேடம், இன்னி வரிக்கும் கூட்டிப் பாத்தேன். நாப்பத்திரண்டு மணி நேரம் குறையுதுங்க. மாமனாருக்கு ஆபரேஷன் பண்ணப்போ லீவு போட்டேனே, அதான். காலேஜ்ல நாளான்னிக்குக் கடைசி நாள்னு சொல்லிட்டாங்க."

"அதுக்கு?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா, மிச்ச மணி நேரத்த அடுத்த வாரம் வந்து முடிச்சிக் குடுத்துடறேங்க. விட்டா ஆறு மாசம் தள்ளிப் போயிடும். எங்க ஊர்ல புதுசா ஒரு கடை தொறக்கறாங்க. எனக்காக நிறுத்தி வெச்சிருக்காங்க."

அவள் கேட்டதில் ஏமாற்று இல்லை. சொன்னால் சொன்னபடி வந்து முடிப்பாள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நான் முடியாது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பத்து நிமிடம் உபதேசம் செய்தேன். ஒரு மணி நேரம் குறைந்தாலும் என் கையெழுத்து விழாது, இது உயிரோடு விளையாடுகிற தொழில், நாளைக்கு ஒரு தப்பு நடந்தால் யார் பதில் சொல்வது, இப்படியெல்லாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "ஆங், சரிங்க மேடம்" என்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியும்போதே தெரு நிரம்பிவிட்டது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆந்திரப் பக்கமிருந்து லாரியிலும் டிராக்டரிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். தோளில் காவடி, மஞ்சள் துணி, பம்பைச் சத்தம். கடை திறந்ததும் கவுண்டரில் கை மேல் கை. கால் வலிக்குத் தைலம், வாந்திக்கு மாத்திரை, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து. கூட்டம் அதிகமாக இருந்ததால் பில் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். மாலையில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இது என் முதல் தவறு. அந்த நேரத்தில் அது தவறாகவே தோன்றவில்லை, வேகமாகத் தோன்றியது.

ஒன்பது மணி வாக்கில் ஒரு வயதான அம்மா, பழைய மருந்துச் சீட்டை நீட்டினார். பிரஷர் மாத்திரை. ஊரிலிருந்து எடுத்துவர மறந்துவிட்டாராம். நாலு மட்டும் போதும் என்றார். பத்து மாத்திரை அட்டையில் ஓரத்திலிருந்து நாலை வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்தேன். "காலைல போடலம்மா, இப்பவே ஒண்ணு போட்டுக்கறேன். விரதம், தண்ணிதான் குடிக்கலாம், மாத்திரை போட்டா தப்பில்லயே?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லம்மா, போட்டுக்கோங்க" என்றேன். அடுத்த கைக்குத் திரும்பிவிட்டேன்.

பத்து மணிக்கு வேறொருவர் அதே பிரஷர் மாத்திரைக்கு வந்தார். அலமாரிப் பக்கம் நின்ற கஸ்தூரி டப்பாவிலிருந்து அந்த வெட்டிய அட்டையை எடுத்தாள். என்னிடம் நீட்டப் போனவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"மேடம், கொஞ்சம் உள்ள வாங்க."

"இன்னாம்மா, ஆளுங்க நிக்கறாங்க பாரு."

"வாங்க மேடம்."

உள்ளே போனேன். அட்டையை என் கையில் வைத்தாள். அது சுகர் மாத்திரை. பிரஷர் மாத்திரையும் அதுவும் ஒரே கம்பெனி, ஒரே நிறத் தகடு, பொடிசான மாத்திரை. பக்கத்துப் பக்கத்து டப்பா. முந்தின நாள் மாலை, உபதேசம் முடிந்து ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று அவசர அவசரமாக நானே சரக்கு அடுக்கியது நினைவுக்கு வந்தது.

ஆனால் என் வாயில் முதலில் வந்தது அதுவல்ல. "இது பழைய வெட்டா இருக்கும்" என்றேன்.

"இல்லீங்க. காலைல நான்தான் டப்பாவெல்லாம் தொடச்சேன். அப்போ முழு அட்டையாதான் இருந்துச்சு. காலைலருந்து இந்த டப்பாலருந்து ஒருத்தருக்குத்தான் குடுத்தீங்க. மஞ்சப் புடவை, மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தாங்களே, அந்த அம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "விரதம்னு சொன்னாங்க மேடம்."

சர்க்கரை நோய் இல்லாத ஒருவர், வயதானவர், வெறும் வயிறு, வெயிலில் மலையேறுகிறார், உடம்பில் இருக்கிற கொஞ்சம் சர்க்கரையையும் இறக்கும் மாத்திரை உள்ளே போயிருக்கிறது. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அடுத்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் என்ன ஆகும் என்பது உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. வியர்வை, நடுக்கம், குழறல், பிறகு மயக்கம்.

அந்த அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. கையும் சீட்டும் மட்டும் நினைவிருந்தது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பில் போட்டிருந்தால் பெயராவது இருந்திருக்கும்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் அறை வாசலிலும் கூட்டம்.

"ஒரு மாத்திரதான் போட்டிருப்பாங்க. இந்தக் கூட்டத்துல எங்கன்னு தேடுவீங்க? ஒண்ணும் ஆகாது" என்றார்.

"விரதம் சார். எதுவும் சாப்பிடாம மலை ஏறிகினு இருப்பாங்க."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "சரி, போங்க. அந்தப் பொண்ணு கவுண்டரப் பாத்துக்கட்டும்."

"அவளுக்கு இன்னும் பதிவு ஆகல சார். நான் இல்லாம அவ மருந்து குடுக்கக் கூடாது. அதோட, அந்த அம்மா முகம் அவளுக்குத்தான் ஞாபகம் இருக்குது. கடைய மூடிட்டு ரெண்டு பேரும் போறோம்."

"இன்னிக்கா? கிருத்திகை அன்னிக்குக் கடைய மூடுவீங்களா?"

கவுண்டரில் நின்றவர்களிடம் வேறு கடையைக் காட்டிவிட்டு ஷட்டரை இறக்கினோம். பின்னாலிருந்து யாரோ திட்டினார்கள். குளுக்கோஸ் பொட்டலங்கள் நாலு, தண்ணீர் பாட்டில், விரலில் குத்தி சர்க்கரை பார்க்கும் கருவி, இவற்றை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டோம்.

அடிவாரத்தில் போலீஸ் உதவி மையத்துக்கு ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். காணாமல் போனவர்களைப் பற்றி மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து படிக்கட்டு முழுவதும் ஒலிபெருக்கி. அறிவிப்புக் கொடுக்க ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார் அங்கிருந்த பெண் காவலர். நான் எழுதினேன். "காலையில் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிய அம்மா, உங்கள் பையை விட்டுவிட்டீர்கள், உடனே உதவி மையத்துக்கு வரவும்."

கஸ்தூரி எட்டிப் படித்தாள்.

"பைன்னா வரமாட்டாங்க மேடம். அவங்க பைய விடலையே. நமக்கில்லன்னு போயிகினே இருப்பாங்க."

"வேற இன்னான்னு எழுதறது?"

"மாத்திரை மாறிப்போச்சு, போடாதீங்க, போட்டுட்டிருந்தா உடனே சக்கரையோ வெல்லமோ வாயில போடுங்கன்னு எழுதுங்க."

அவள் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியாமலா? தெரியும். ஆனால் மலை முழுக்க, ஆயிரக்கணக்கான பேர் காதில், கடையின் பெயரோடு அது ஒலிக்கும். யாராவது புகார் எழுதினால் என் பதிவு போகும். பாக்கி இருப்பது இரண்டே ஆண்டு. இதையெல்லாம் நான் அந்தப் பந்தலில் நின்று, பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். எத்தனை வினாடி என்று தெரியாது. உங்களிடம் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு உயிர் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது நான் என் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். கடை இருந்த தெரு, நேரம், மஞ்சள் புடவை, இரட்டை மூக்குத்தி, மாத்திரை மாறிவிட்டது, எல்லாம். காவலர் தமிழில் படித்தார். கஸ்தூரி மைக்கை வாங்கித் தெலுங்கில் சொன்னாள். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. மும்முறை சொன்னாள்.

காத்திருப்பதா, ஏறுவதா? ஏறினோம். கஸ்தூரி இடப்பக்கம் பார்த்துக்கொண்டு, நான் வலப்பக்கம். எனக்கு முகம் தெரியாது என்பதால் மஞ்சள் புடவையில் யார் உட்கார்ந்திருந்தாலும் குனிந்து மூக்கைப் பார்த்தேன். அன்றைக்கு மலையில் பாதிப் பேர் மஞ்சள் புடவை. இரண்டு பேர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பாதிப் படிக்கு மேல் எனக்கு மூச்சு வாங்கியது. அறிவிப்பைக் கேட்டு அந்த அம்மா கீழே போயிருந்தால்? கூட்டத்தில் நாங்கள் தாண்டி வந்திருந்தால்? எங்கேயாவது ஓரமாகச் சாய்ந்திருந்தால் தூங்குகிறார் என்றுதானே எல்லோரும் கடந்து போவார்கள்?

மேலே ஒரு மண்டபத்தின் ஓரத்தில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் ஒரு வட்டமாக ஆட்கள். "அரோகரா" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி கூட்டத்துக்கு இடையில் தலையை விட்டுப் பார்த்தாள். என் கையை இறுகப் பிடித்தாள்.

"அவங்கதான் மேடம்."

அந்த அம்மா நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தார். ஆடிக்கொண்டிருந்தார் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். உடம்பு உதறியது. ரவிக்கை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. வாயில் ஏதோ சொன்னார், சொல் தெளிவாக வரவில்லை. ஒரு பெண் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி காலில் விழுந்து, "எப்போ நல்ல வழி காட்டுவ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்தில் ஒலிபெருக்கி எதுவும் அங்கே கேட்டிருக்காது.

அவருடைய மகன், நாற்பது வயதிருக்கும், அம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி நின்றார். நான் உள்ளே நுழைந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"தொடாதீங்கம்மா. சாமி வந்துருக்குது."

"சாமி இல்லீங்க" என்றேன். பம்பைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கத்த வேண்டியிருந்தது. "சாமி இல்ல. காலைல உங்கம்மா வாங்கின மாத்திரை. நான்தான் மாத்திக் குடுத்துட்டேன். அது சுகர் மாத்திரை. அதுதான் இப்பிடிப் பண்ணுது."

பம்பை நின்றது. ஒருவர் நிறுத்தியதும் மற்றவரும் நிறுத்திவிட்டார். அவ்வளவு கூட்டத்தில் அந்த ஒரு வட்டம் மட்டும் அமைதியாகிவிட்டது. அந்த மகன் என் முகத்தைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முதலில் குளுக்கோஸ் உள்ளே போக வேண்டும் என்று நினைத்தேன். கஸ்தூரி அதற்குள் அந்த அம்மாவை உட்கார வைத்து விரலைக் குத்திவிட்டாள். கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மிகவும் இறங்கியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நினைவு முழுதாகப் போயிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். அந்த அம்மாவால் விழுங்க முடியுமா என்று பார்க்க ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினார். பக்கத்தில் யாரோ நீட்டிய டம்ளரில் குளுக்கோஸைக் கரைத்து உதட்டில் வைத்தேன். கையால் தள்ளிவிட்டார். குழறலிலும் ஒரு சொல் மட்டும் புரிந்தது. விரதம்.

"காவடி இன்னும் செலுத்தல. செலுத்தாம எதுவும் குடுக்கக் கூடாது" என்றாள் கற்பூரம் வைத்திருந்த பெண்.

மகனுக்கு எங்களை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நம்பச் சொல்ல எனக்கும் முகமில்லை. அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு என்று கண்டுகொண்ட கஸ்தூரிதான் அந்த மொழியில் அவரிடம் பேசினாள். நீளமாக ஒன்றும் இல்லை, நாலைந்து வாக்கியம். பிறகு நான் கேட்டபோது என்ன சொன்னாள் என்று சொன்னாள். "தப்பு எங்களோடது, சாமிக்குத் தெரியும், உங்கம்மா மேல குத்தம் வராது, ஆனா பத்து நிமிஷம் போச்சுன்னா கூப்பிட்டாலும் அவங்களுக்குக் கேக்காது, நீங்களே உங்க கையால குடுங்க அண்ணா."

அவர் என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். "நான் சொல்றேன்ல, குடிம்மா" என்று அம்மாவின் தலையைத் தன் மார்பில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். இரண்டு பொட்டலம் உள்ளே போனது. கால் மணி நேரத்தில் உதறல் நின்றது. அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவர் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார்.

"சாப்ட்டுட்டேனா?" என்று கேட்டார்.

அவர் அழ ஆரம்பித்தார். அவர் பெயர் சுப்பம்மா. பேரப் பெண்ணுக்குப் பேச்சு வர வேண்டுமென்று வேண்டிக்கொண்டு மூன்று ஆண்டுகளாகக் கிருத்திகைக்கு விரதமிருந்து காவடி எடுத்து வருகிறார். பிழைத்ததைப் பற்றி அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. "என் விரதம் போச்சேம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நம்மால் ஒருவருக்கு என்னவெல்லாம் போகும் என்று நாம் கணக்கிட்டு வைத்திருக்கிறோமே, அந்தக் கணக்கில் இது இல்லை.

தெளிந்துவிட்டார் என்றதும் குடும்பம் காவடியோடு மேலே போகக் கிளம்பியது. நான் வழியை மறித்தேன். அந்த மாத்திரையின் வேலை ஒரு தரம் சர்க்கரை கொடுத்ததும் முடிவதில்லை. திரும்பவும் இறங்கும். ஒரு நாளாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். "இப்பதான் நல்லாயிட்டாங்களே, வேற இன்னா?" என்று மகன் கோபப்பட்டார். அந்த நேரத்தில் விட்டுவிடத் தோன்றும். கண் முன்னால் நன்றாக நடக்கிறாரே, நம் பயமும் தீர்ந்துவிட்டதே என்று. விடாதீர்கள். கஸ்தூரியும் நானும் கெஞ்சி ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டரிடம் மாத்திரையின் பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும் என் வாயாலேயே சொன்னேன். பிற்பகலில் மறுபடியும் ஒரு தரம் இறங்கியது. படுக்கையில் இருந்ததால் பார்த்துக்கொண்டார்கள். மலை மேல் இருந்திருந்தால் திரும்பவும் சாமி வந்ததாகத்தான் நினைத்திருப்பார்கள்.

மாலை ஐந்து மணிக்கு இருவரும் கடைக்குத் திரும்பினோம். டாக்டர் எங்களுக்காகக் காத்திருந்தார்.

"பொழைச்சிட்டாங்கல்ல? விடுங்க. வெயில், விரதம், மயக்கம். யாரும் புகார் குடுக்கப் போறதில்ல. நீங்களா எதையும் கிளப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மைக்கில் சொன்னது சொன்னதுதான். ஆனால் திருவிழா மைக்கில் சொல்வதை மறுநாள் யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? நடந்ததை முழுதாக அறிந்து, எடுத்துச் சொல்லக்கூடியவள் கஸ்தூரி ஒருத்திதான். அவள் அலமாரியில் பிரஷர் டப்பாவையும் சுகர் டப்பாவையும் வெளியே எடுத்து, அட்டை அட்டையாகப் பெயரைப் படித்துத் தனித்தனியே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் எண்ணம் அவள் முகத்திலும் இல்லை.

நான்தான் சொன்னேன். "அந்த ஃபாரத்தக் குடும்மா."

"எதுக்குங்க மேடம்?"

"கையெழுத்துப் போட்டுடறேன். நாளைக்குக் கடைசி நாளாச்சே."

அவள் கையிலிருந்த அட்டையை அதன் டப்பாவில் வைத்தாள்.

"நேத்து குறையுதுன்னீங்க மேடம். இன்னிக்கும் குறையுதுங்களே."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. திரும்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நன்றியில் போடுகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வாயை அடைக்கத்தான் பேனாவைத் தேடுகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. அவளுக்கு என்னைவிட முன்னதாக விளங்கியிருந்தது.

மறுநாள் கவுன்சிலுக்கும் மருந்து ஆய்வாளருக்கும் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். நான் அடுக்கியது, பில் போடாதது, பெயர்ப் பக்கம் இல்லாமல் வெட்டிக் கொடுத்தது, எல்லாம். கஸ்தூரியின் படிவத்தில், திருவிழா அன்று கடை திறந்திருந்த இரண்டு மணி நேரத்தையும் சேர்த்து, நானூற்று அறுபது மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதன்பின் வந்த இரண்டு மாதமும் தபால்காரரைக் கண்டாலே வாசலுக்கு ஓடுவேன். ரயிலில் யாராவது பேப்பர் படித்தால் என் பெயர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "புகாரே இல்லையே, நீங்களே ஏன் எழுதினீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று ரயிலில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அங்கே ஒன்றும் வரவில்லை. "என்கிட்ட பயிற்சிக்கு இருந்த பெண் அங்கே இருந்தா சார்" என்று மட்டும் சொன்னேன். எழுத்து மூலம் கண்டித்தார்கள். பதிவு தப்பியது. கிளினிக்கில் நான் எழுதிப் போட்டது தெரிந்ததுமே இனி வர வேண்டாம் என்றுவிட்டிருந்தார்கள். மிச்ச இரண்டு ஆண்டை அரக்கோணத்தில் ஒரு கடையில் முடித்தேன்.

இதில் என்னைவிட அதிகம் இழந்தவள் கஸ்தூரி. நான் எழுதிப் போட்டதும் அந்தக் கடை பல வாரங்கள் மருந்தாளுநர் இல்லாமல் மூடிக் கிடந்தது. பொதட்டூர்பேட்டை வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த நாற்பது மணி நேரத்துக்கு அவள் இரண்டு பஸ் மாறி வேறொரு கடைக்குப் போனாள். ஆறு மாதம் தள்ளித்தான் பதிவு எண் கிடைத்தது. நேர்மையாக இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அவளுக்கு அப்படி முடியவில்லை. இப்போது சோளிங்கர் பக்கம் ஒரு கடையில் பொறுப்பு மருந்தாளுநராக இருக்கிறாள். அவளிடம் பயிற்சிக்குப் போகிறவர்கள் கூட்டம் நேரத்திலும் பெயர், ஊர், போன் நம்பர் எழுதாமல் அவள் ஒரு மாத்திரைகூடக் கொடுப்பதில்லை என்று சலித்துக்கொள்கிறார்களாம்.

சுப்பம்மாவின் மகன் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். புகார் எழுதத்தான் வாங்குகிறார் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒரு மாத்திரை அட்டையின் பின்பக்கம். அதன் கீழே அவர் குரலில் ஒரு செய்தி.

"அம்மா எந்தக் கடை மாத்திரையும் போடமாட்டேங்கறாங்க. பயந்துகினு இருக்காங்க. உங்களக் கேட்டுட்டுத்தான் போடுவேன்றாங்க. இது பிரஷர் மாத்திரதானே, பாத்துச் சொல்லுங்க."

"என்னையா கேக்கறாங்க?" என்று திருப்பிக் கேட்டேன்.

"ஆங். தப்புன்னு வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தானேங்கறாங்க."

இப்போது எனக்கு வேலை இல்லை. காலை ரயிலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அந்தப் படம் வரும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து பெயரைப் படிப்பேன். அளவைப் படிப்பேன். காலாவதி தேதியைப் படிப்பேன். சரிதான் என்று தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பாமல் நிறுத்தி, இன்னொரு தரம் முதலிலிருந்து படிப்பேன். அங்கே அந்த அம்மா, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, என் பதிலுக்காகக் காத்திருப்பார்.